அத்தானின் பத்து மீட்டர்

என் அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல தென்காசியில் ஆள் கிடைக்காது. அக்கா செத்துப்போன அன்று அழுதவர்களில் பாதிப் பேர் அவருக்காகத்தான் அழுதார்கள். "பொண்டாட்டிய கைக்குழந்த மாதிரி பாத்தாரே" என்று என் காதுபடவே சொன்னார்கள். ஊரே ஒரு பக்கம் பேசும்போது மறு பக்கத்துக்கும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

அத்தான் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. குடி கிடையாது, பீடி கிடையாது. ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை. தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் கூப்பிட்ட குரலுக்குப் போய்விடுவார். காசு வாங்க மாட்டார். ஒரு காபி கொடுத்தால் போதும், அதையும் சீனி குறைவாகத்தான் கேட்பார். இலத்தூரில் எங்கள் அப்பாவின் உரக்கடைக் கம்ப்யூட்டரை வைரஸ் தின்று தீர்த்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உயிர் கொடுத்தவர் அவர்தான். அப்பா அன்றைக்கு அவரிடம் விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று உருகுவார்.

அத்தான் வீட்டில் லினக்ஸ்தான் ஓடும். காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேர் என்றால் அவருக்கு ஆகாது. மூடி வைத்திருக்கிற எதுவுமே அவருக்கு ஆகாது. கட்டற்ற மென்பொருள் என்று அழகான தமிழில் சொல்லுவார். "யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், நமக்குத் தக்கன மாத்திக்கிடலாம். ஒருத்தனுக்கும் நாம அடிமை கிடையாது. மனுசனுக்கு அதுதான முக்கியம் சின்னவளே?" என்று எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அக்கா காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பாள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பவும் பிடித்திருந்தது.

மறுவீட்டுக்குப் போன அன்றுதான் முதல் தடவை அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தோம். அக்காவின் போனில் நாங்கள் எடுத்த கல்யாணப் போட்டோக்கள் நிறைய இருந்தன. அதை எப்படி ஏற்றுவது, வயர் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். "வயரெல்லாம் எதுக்கு மாமா?" என்று அத்தான் சிரித்தார். அக்காவின் போனில் ப்ளூடூத்தைப் போட்டார். கம்ப்யூட்டரில் தேடச் சொன்னார். அது தேடித் தேடி அக்காவின் போனைக் கண்டுபிடித்தது. இரண்டு திரையிலும் ஓர் எண் வந்தது.

"ரெண்டுலயும் ஒரே நம்பர்தானான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அக்கா போனையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமா, ஒண்ணுதான்" என்றாள்.

"அப்ப நீயே அமுக்கு."

அக்கா அமுக்கினாள். போட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அதன்பின் அவர் ஒரு கருப்புத் திரையைத் திறந்து என்னவோ தட்டினார். அது என்ன என்று நான் கேட்டேன். "இந்த போன நம்பலாம்னு கம்ப்யூட்டர்ட்ட சொல்லிவைக்கேன். இனி ஒவ்வொரு தடவையும் கேக்காது. இவ வீட்டுக்குள்ள வந்ததும் தானா சேந்துக்கிடும்" என்றார். அம்மா, "என்ன ஒரு மூளை" என்று வியந்துபோனாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் கெட்டிக்காரர் என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ப்ளூடூத் எட்டுகிற தூரம் பத்து மீட்டர். நடுவில் சுவர் வந்தால் அதுவும் கிடையாது. மற்றவர்களுக்கு அது குறை. அந்தக் குறையை வைத்தே அத்தான் ஒரு காரியம் செய்தார். அக்காவின் போன் எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இருந்தால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. போன் விலகிப் போனால் புள்ளி சிவப்பாகும், ஸ்பீக்கரில் ஒரு மணி அடிக்கும், கல்லூரியில் இருக்கிற அத்தானின் போனுக்கு ஒரு செய்தி போகும். உடனே அக்காவுக்கு அழைப்பு வரும். "எங்கன போற?" அவ்வளவுதான். திட்ட மாட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, "சரி, பைய வா" என்று வைத்துவிடுவார். அவள் திரும்பி வந்து புள்ளி பச்சையாகிற வரைக்கும் அங்கே அவர் என்ன வேலை பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

இதற்காக அவர் வீட்டை அளந்ததை நான் நேரில் பார்த்தேன். ஒரு விடுமுறை நாளில் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, போனைக் கையில் வைத்திருந்த அக்காவை நடக்கவிட்டார். "பின்வாசலுக்குப் போ. ஆங், அங்கன நில்லு. இன்னும் ரெண்டடி தள்ளு. துவைக்கிற கல்லுகிட்ட வரைக்கும் போ. சரி, அது தாவல, அங்கன வரைக்கும் எட்டுது. இப்ப மாடிக்கு ஏறு." அக்கா மாடியில் ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்குப் போனாள். மணி அடித்தது. "அங்கனதான் கட்டாவுது. ஒரு அடி முன்னால வா" என்று கீழேயிருந்து கத்தாமல் போனிலேயே சொன்னார். மணி நின்ற இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு வரிசையாக நாலைந்து தொட்டிகள் வந்தன. பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரருக்குச் செடின்னா உசுரு போலுக்கே" என்றாளாம். அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். நல்ல வெயில் விழுகிற பாதி மாடி தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இவள் துணிகளைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில்தான் காயப்போடுவாள்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா ஒரு தடவை அதைச் செய்தும் பார்த்தாள். அடுக்களை அலமாரியில் போனை வைத்துவிட்டு மூன்று வீடு தள்ளி இருக்கிற பலசரக்குக் கடைக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் சும்மா ஒரு அழைப்பு விட்டிருக்கிறார். எடுக்க ஆள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கழுத்தில் மாட்டுகிற ஒரு சின்னப் பையை வாங்கி வந்தார். அழகான பை, மயில் படம் போட்டது. அவரே அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, போனை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார். "நீ மறதிக்காரில்லா. அதுக்குத்தான்" என்றார். குளிக்கப் போகும்போதும் தூங்கும்போதும் தவிர அந்தப் பை அவள் கழுத்தில்தான் கிடந்தது.

இந்தப் பையைப் பற்றி அம்மாவிடம் நான் குமுறியபோது, "அக்கறை உள்ள மனுசன் செய்யுதாரு. ஒனக்கு என்னட்டி எரியுது?" என்று என் மேல்தான் பாய்ந்தாள். அம்மாவுக்கு ஒரு சின்னப் பாடமும் கிடைத்தது. அவள் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை. ஒரு நாள் அவள் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒன் வீட்டுக்காரரு என்னட்டி, வந்தா வாயே தொறக்க மாட்டேங்காரு, ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். "பேசுதேன் அத்தை, சொல்லுங்க" என்று அத்தான் குரல் வந்தது. அக்காவின் போனுக்கு வருகிற பேச்சு அவர் அறையில் ஸ்பீக்கரில் கேட்கும்படி அவர் வைத்திருந்தார். அம்மா பட்டென்று போனை வைத்துவிட்டாள். பிறகு அதையே வேடிக்கையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அக்கா அதற்கப்புறம் போனில் பேசுவதையே விட்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு, வைக்கட்டுமா. இந்த மூன்றையும் விட்டால் நாலாவது கிடையாது.

குற்றாலத்தில் நடந்ததைச் சொல்லாமல் அத்தானைச் சொல்ல முடியாது. சீசன் நேரம், நல்ல சாரல். அத்தான் தன் நண்பரிடம் கார் வாங்கி எங்கள் இரண்டு பேரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். அருவிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. அக்கா கழுத்துப் பையைக் கழற்றி மாற்றுத்துணி இருந்த பைக்குள் வைத்து அவரிடம் கொடுத்தாள். "சீக்கிரம் வந்துரு" என்றார். நாங்கள் பெண்கள் பக்கம் போனோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் தலையில் இடிக்க இடிக்க வாயைத் திறந்து கத்தினாள். யாரோ ஒரு கேரளத்துக்காரி கால் வழுக்கியபோது அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளியே வா, வெளியே வா என்று பெண் போலீஸ் விசில் ஊதியும் இவள் வெளியே வந்து மறுபடியும் வரிசையில் நின்றாள். "இன்னும் ஒரு தடவட்டி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். எத்தனை தடவை போனோம் என்று நாங்கள் எண்ணவில்லை.

வெளியே வந்தபோது அத்தான் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு நேந்திரம் சிப்ஸ்காரர் நின்றார். வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். காரும் இல்லை. துண்டு, மாற்றுத்துணி, போன், பர்ஸ் எல்லாம் காரோடு போய்விட்டன. என்னவோ ஏதோ என்று நான் பதறினேன். அக்கா பதறவில்லை. "வீட்டுக்குப் போயிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அதனால் தப்பித்தோம். "ஈரத்தோட சீட்டுல உக்காராதீங்கம்மா" என்று கண்டக்டர் சொன்னார். சுடிதாரில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட தென்காசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். ஜன்னலில் இருந்து அடித்த காற்றில் அக்காவின் பல் தந்தியடித்தது. மார்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தலையைக் குனிந்தே நின்றாள். பின் சீட்டில் இருந்த பையன்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அப்படியே தெருவில் நடந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுக்குக் காபி மணம். அத்தான் அடுக்களையில் இருந்து இரண்டு டம்ளரோடு வந்தார். சூடாக, கருப்பட்டி போட்டு, சரியான பதத்தில் வைத்திருந்தார். "குளுந்து போயி வருவீங்கன்னு தெரியும். குடிங்க, குடிங்க" என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கோபமாகக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். "தூரமாப் போயிட்டா கனெக்‌ஷன் கட்டாயிரும்லா சின்னவளே? இதுல நான் செய்யுததுக்கு என்ன இருக்கு?" என்றார். அக்கா கழுத்துப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, காபியை வாங்கிக் குடித்தாள். நான் குடிக்கவில்லை. அதை அவர் அம்மாவிடம் போனில் சொல்லி, நான் மரியாதை தெரியாதவள் என்று ஒரு திட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் பின்வாசலில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவோம். அக்கா பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் வடகரையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினாள். "வேலைக்குப் போ. வெளிய ஒரு இடம் இருந்தாத்தான் நீ பிழைப்ப" என்று நான் விடாமல் நச்சரித்தேன். அச்சன்புதூரில் என் தோழி ஒருத்தி டீச்சராக இருந்த ஒரு நர்சரி பள்ளியில் ஆபீஸுக்கு ஆள் கேட்டார்கள். சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

சனிக்கிழமை போனேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குழாயைத் திறந்துவிட்டு, "சரின்னுட்டாருட்டி" என்றாள். "ஸ்கூல் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கான்னு மட்டும் கேட்டாரு."

அவர் எதற்குக் கேட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயும் போய் உட்கார்ந்து, இலவசமாகச் சரி செய்து கொடுக்கிறேன் என்று சொல்லி, இதே பச்சைப் புள்ளியை வைத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரே கிடையாது, நோட்டுலதான் எழுதுதாவன்னு சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். திங்கட்கிழமை கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலையை அன்றே எடுத்து எனக்குக் காட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததில் இருந்து சாரல். அத்தான் வீட்டில்தான் இருந்தார், காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால். அக்கா அந்தச் சேலையை அலச பின்வாசலுக்குப் போயிருக்கிறாள். துவைக்கிற கல் அருகே பாசி. வழுக்கி விழுந்ததில் கல்லின் விளிம்பு தலையில் அடித்துவிட்டது. போன் கழுத்துப் பையில் பத்திரமாக இருந்தது. துவைக்கிற கல் எட்டுகிற தூரம்தான் என்று அவரே அளந்து வைத்தது.

முன்பெல்லாம் அவர் அறையில் இருந்தபடியே அடிக்கொரு தரம் அவளைக் கூப்பிடுவார். அவள் குரல் வர வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து வந்து பார்ப்பார். பச்சைப் புள்ளி வந்த பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார். தேவை இல்லையே. அன்றைக்கும் காலையில் இருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் புள்ளி பச்சையாகவே இருந்திருக்கிறது. செண்பகம் அக்கா காம்பவுண்டுச் சுவர் வழியாகத் தற்செயலாக எட்டிப் பார்த்துக் கூப்பாடு போட்டாள். அத்தான் வெளியே ஓடி வந்து, மழையில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு, "இங்கனதான் இருக்கான்னு காட்டுச்சே" என்றாராம். செண்பகம் அக்கா அந்த வார்த்தையை எனக்கு அப்படியே சொன்னாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது.

அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ நாள் அப்படி நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அவர் நிஜமாகவே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கொன்றுபோட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வருவதே அதை நினைக்கும்போதுதான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னார். உயிர் தங்கியது. இரண்டு காலும் ஒரு கையும் வராமல் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. அக்காவை இலத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் அப்பாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "கட்டுனவன் நான் பாக்கேன்னு சொல்லும்போது நாம என்னன்னுட்டி கேக்க முடியும்?" என்றார் அப்பா.

அத்தான் கல்லூரியில் நீண்ட விடுப்பு எடுத்தார். அக்காவின் கட்டிலை கம்ப்யூட்டர் இருந்த அறையிலேயே போட்டார். அக்கா சாகிற வரைக்கும் பீ மூத்திரம் எடுத்தார், தலை சீவினார், முதுகில் புண் வராமல் இருக்க மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தார். தெருக்காரர்கள் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து அவரைப் பார்த்துக் கண்கலங்கிப் போனார்கள். அம்மா வந்தால் அக்காவைப் பார்க்கிற நேரத்தைவிட அவரைப் பார்த்துப் பூரிக்கிற நேரம்தான் அதிகம்.

ஒரு மத்தியானம் அம்மாவும் நானும் போயிருந்தோம். அவர் அக்காவைத் தலையணையில் சாய்த்துவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மூலையில் புள்ளி இல்லை, பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கட்டில் காலில் மாட்டியிருந்த மயில் பைக்குள் போன் அணைந்து கிடந்தது.

"அந்த புரோகிராம் என்னாச்சு அத்தான்?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன் சின்னவளே. போன்ல சார்ஜுதான வீணாவுது" என்றார். ஸ்பூனில் கஞ்சியை எடுத்து, உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அக்காவின் வாயில் வைத்தார். "இனி அது எதுக்கு? இவ எங்கன போவப் போறா?"

சொல்லிவிட்டு, அக்காவின் கடைவாயில் வழிந்ததைத் துண்டால் பதமாகத் துடைத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சுத்தான் போயிருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது, நாங்கள் சொல்வதெல்லாம் அக்காவுக்குப் புரியும் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்.